உயிர் என்று எழுதியிருக்கிறது

மூன்றாம் சுற்றின் நடுவே
தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.
சிக்கந்தரின் வீரன் பாலத்தின் மேல் விழுந்து கிடந்தான்,
எண் பூஜ்யம்,
கையில் இன்னும் கோடாரி.
அப்படியே விட்டுவிட்டு
குடங்களோடு நான்கு மாடி இறங்கினோம்.

எங்களுக்கு முன்னே பதினோரு குடம்.
யார் முதலில் என்று இங்கே பகடை உருட்டுவதில்லை.
கீழ்வீட்டு டில்லியம்மா
மூடியை மட்டும் வைத்து இடம் பிடித்திருந்தார்.
மூடி குடமாகுமா என்று
அங்கே தனியாக ஒரு வழக்கு.
ஆகாது என்றார்கள். பிறகு ஆகும் என்றார்கள்.
டில்லியம்மாவின் குரல் அப்படி.

மேலே வந்து ஈரக்கையைத் துடைத்து
விதிநூலைத் திறந்தேன்.
நானே தமிழாக்கி
பெரம்பூர் ஜெராக்ஸ் கடையில் சுருள்கம்பி போட்டது.
பக்கம் நாற்பத்தொன்று:
ஆற்றும் கை.
தொடும் தூரத்திலுள்ள ஓர் உயிரின் மீது செல்லும்.

தொடுகிறேன் என்றாள் பிலோமினா.

எதை? என்றாள் குமுதவல்லி.
பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை,
ஒரு காற்புள்ளி அரை கிரவுண்டை விழுங்கியதைப் பார்த்தவள்.
பூஜ்யத்துக்குப் பிறகும் இரண்டு அம்பு பாய்ந்திருக்கிறது.
உயிர் என்று எழுதியிருக்கிறது.
அங்கே கிடப்பது மெய்.
மெய்யைத் தூக்கலாம், விற்கலாம்,
கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்.
மந்திரம் செல்லாது.

நேரம் எழுதும் வரை உயிர்தான் என்றாள் பிலோமினா.
பெரியாஸ்பத்திரியில் அவளுக்கு இரவுப் பணி.
டாக்டர் வந்து கடிகாரம் பார்த்து
நேரம் எழுதணும்.
அதுவரைக்கும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பகலில் நான் அண்ணா சாலையில்
காப்பீட்டுக் கோரிக்கைகளைப் படிப்பவன்.
விபத்து என்ற சொல்லுக்குள் மாடிப்படி வருமா,
வெள்ளம் என்ற சொல்லுக்குள் சாக்கடை வருமா.
வராது என்று எழுத
ஒன்பது விதமான வாக்கியம் வைத்திருக்கிறேன்.

ஆனால் இந்தச் சொல்லை வைத்தவனே நான்.
முதலில் ஜந்து என்று எழுதினேன்.
அத்தனை கவசம் போட்ட ஆளை ஜந்து என்பதா
என்று கூசி, அடித்துவிட்டு
உயிர் என்று போட்டேன்.
வரியும் அடங்கியது. அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் குமுதவல்லி கை காட்டினாள்:
எழுதினவர் மனசு தேவையில்லை, எழுத்து போதும்.
எழுதினவர் எதிரே உட்கார்ந்து
அவளுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

செத்தவனோ சாகாதவனோ, சிக்கந்தர்
பொட்டலத்து அத்தோவில் பொரித்த பூண்டைத் தேடித் தின்றபடி
வாய் திறந்தான்:
ஒண்ணாங்கிளாஸ்ல சொன்னதுதானே.
இப்ப நான் க்-னு கிடக்கேன்.
ஒரு அ வந்து தொட்டா
க.

மேலே புள்ளி வைத்தாகிவிட்டதே என்றாள் குமுதவல்லி.
ஆனால் குரல் பாதிதான் வந்தது.

தொட்டால் புள்ளி போய்விடும் என்றாள் பிலோமினா,
தொட்டால் போவதுதானே புள்ளி.

ஒரு சுற்று என்பது ஆறு வினாடி.
அந்த ஆறு வினாடியை
ஐம்பது நிமிடம் பேசியிருந்தோம்.
பாலத்தில் பூதங்கள் ஓங்கிய கையோடு
பொறுமையாக நின்றன.

நாற்பத்தொன்றாம் பக்க ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன்:
நேரம் எழுதாத வரை.
குமுதவல்லி அதை இரண்டு முறை படித்து
யார் எழுதாத வரை என்று கேட்டாள்.
உருட்டு என்றேன் பிலோமினாவிடம்.

எட்டுமுகப் பகடை பாயைத் தாண்டி
பீரோவுக்கு அடியில் ஓடியது.
நால்வரும் குப்புறப் படுத்து
போன் வெளிச்சத்தில் தேடினோம்.
எப்போதோ தொலைந்த ஒரு குடமூடியில் சாய்ந்து
மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவே
நின்றுகொண்டிருந்தது.

பிலோமினா கையை நீட்டினாள்.

தொடாதே,
என்றாள் குமுதவல்லி.